விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் முன் இபிசி: பழையதே போதுமா, புதிதாக எடுப்பதா, வேலை முடித்து எடுப்பதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீட்டை விற்பனைக்கோ வாடகைக்கோ சந்தையில் வைப்பதானால், அதற்குச் செல்லுபடியாகும் எரிசக்தித் திறன் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால், விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எல்லோரும் இபிசி என்று சொல்லும் இந்தச் சான்றிதழ் 2007இல் விற்பனைக்கும், 2008 அக்டோபரிலிருந்து வாடகைக்கும் கட்டாயமாயிற்று. ஏ முதல் ஜி வரை ஏழு தரங்கள் உண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் பின்னால் ஒரு மதிப்பெண் இருக்கிறது: 92 முதல் ஏ, 81 முதல் பி, 69 முதல் சி, 55 முதல் டி, 39 முதல் இ, 21 முதல் எஃப், அதற்கும் கீழே ஜி. ஒரு முறை எடுத்தால் பத்து ஆண்டுகள் செல்லும். செலவு வீட்டை விற்பவருடையது அல்லது வாடகைக்கு விடுபவருடையது. வாங்குபவரிடமோ குடிவருபவரிடமோ அதற்காக ஒரு பென்னிகூடக் கேட்கக் கூடாது. (ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் தனி, இக்கட்டுரை அவற்றைத் தொடவில்லை.)

சட்டத்தின் கோரிக்கை இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான், பெரும்பாலான உரிமையாளர்கள் ஏஜென்டிடம் "அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எப்போது எடுப்பது, வீடு எந்த நிலையில் இருக்கும்போது எடுப்பது, யாரைக் கொண்டு எடுப்பது என்ற மூன்றும் உரிமையாளர் கையில் இருக்கும் முடிவுகள். இவற்றில் தவறினால் விற்பவருக்குச் சிறிய நஷ்டம்; வாடகைக்கு விடுபவருக்கோ வீட்டைப் பூட்டி வைக்க வேண்டிய நிலைகூட வரலாம். ஆகவே விற்பவருக்கு ஒரு விடை, வாடகைக்கு விடுபவருக்கு வேறொரு விடை என்பதே என் கருத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அறிவுரை சொல்லும் கட்டுரைகள் பயன்படாமல் போவதும் இதனால்தான்.

முதல் வழி, எதுவும் எடுக்காமல் இருப்பது. சான்றிதழ் வீட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. ஆகவே முந்தைய உரிமையாளர் எடுத்த சான்றிதழ் பத்து ஆண்டுகளைத் தாண்டாதிருந்தால் அதையே நீங்கள் பயன்படுத்தலாம். அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைத் தந்தால், கட்டணமில்லாமல், அந்தக் குறியீட்டுக்கு உட்பட்ட வீடுகளின் சான்றிதழ்கள் வரிசையாக வரும். பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். அண்டை வீடுகளின் தரத்தையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே காலத்தில் ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று சி, மற்றொன்று இ என்றிருந்தால், இரண்டு சான்றிதழ்களையும் திறந்து வைத்துக்கொண்டு சுவர், கூரை, பாயிலர், ஜன்னல் என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு எங்கே பிறந்தது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய சான்றிதழ் நல்ல தரத்தில் இருக்கிறது, காலாவதியாக இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன என்றால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கான கணக்கீட்டு முறை அவ்வப்போது மாறுகிறது. ஆர்டிஎஸ்ஏபி எனப்படும் அந்த முறையின் பத்தாம் பதிப்பு 2025 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பெல்லாம் ஜன்னல்களின் பரப்பை வீட்டின் அளவைக் கொண்டு மென்பொருளே உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். இப்போது, சான்றிதழுக்காக வீட்டை ஆய்வு செய்ய வரும் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு ஜன்னலையும் அளக்க வேண்டும். வீட்டில் ஒரு ஆணிகூட மாறாதபோதும், முறை மாறியதாலேயே சில வீடுகள் மேலேயும் சில வீடுகள் கீழேயும் நகர முடியும். 70 மதிப்பெண்ணில் சி தரத்தின் ஓரத்தில் நிற்கும் வீட்டின் உரிமையாளர், "பழையதாயிற்றே, புதுப்பித்துவிடலாம்" என்று ஆர்வத்தில் இறங்குவதில் ஆதாயம் ஏதுமில்லை. புதிய சான்றிதழ் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதன் பிறகு பேசப்படுவது அந்தப் புதிய தரம்தான்.

மாறாக, பழைய சான்றிதழுக்குப் பிறகு பாயிலர் மாற்றியிருக்கிறீர்கள், ஜன்னல்கள் மாற்றியிருக்கிறீர்கள், லாஃப்ட்டில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) வெப்பக் காப்பு விரித்திருக்கிறீர்கள் என்றால், பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது செலவழித்த பணத்தை மறைத்து வைப்பதற்குச் சமம். வீட்டு விளம்பரத்தில் இந்தத் தரத்தைக் காட்டியாக வேண்டும் என்பது விதி. ஆகவே வீட்டைப் பார்க்க வருபவர் வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்த எழுத்தைப் பார்த்துவிடுகிறார்.

இரண்டாவது வழி, இருக்கும் நிலையிலேயே புதிதாக எடுப்பது. சந்தையில் இதற்கு 60 முதல் 120 பவுண்டு வரை கேட்பது வழக்கம். வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்து கூடும், குறையும். மதிப்பீட்டாளர் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுவார்; பல சமயம் ஓரிரு நாளில் சான்றிதழ் பதிவேட்டில் ஏறிவிடும். வீட்டைச் சந்தையில் வைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் அதைப் பெற நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும், முயன்றும் கிடைக்காவிட்டால் மேலும் 21 நாள் அவகாசம் உண்டு என்றும் விதி சொல்கிறது. சான்றிதழ் இல்லாமல் குடியிருப்பு வீட்டை விற்பவருக்கோ வாடகைக்கு விடுபவருக்கோ விதிக்கப்படும் அபராதம் 200 பவுண்டு. அபராதம் கட்டிவிட்டால் சான்றிதழ் தேவையில்லை என்றாகிவிடாது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியதுதான்.

குடியிருப்பதற்காகத் தாமே வாங்குபவர்களை நம்பி வீட்டை விற்பவருக்கு, இந்த இரண்டாவது வழியே போதும் என்பேன். விற்பனைக்குக் குறைந்தபட்சத் தரம் என்று எதுவும் இல்லை. ஜி தரத்து வீட்டையும் தாராளமாக விற்கலாம். ஓர் எழுத்து மேலே ஏற வேண்டும் என்பதற்காகவே ஆயிரக்கணக்கில் செலவு செய்து, அந்தப் பணம் விலையில் அப்படியே திரும்பிவரும் என்று எதிர்பார்ப்பதற்கு உறுதியான அடிப்படை கிடையாது. வாங்குபவர் சமையலறையைப் பார்க்கிறார், ரயில் நிலையத்தின் தூரத்தைப் பார்க்கிறார், பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். தரம் அந்த வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறது. சில வங்கிகள் ஏ, பி தரத்து வீடுகளுக்குச் சற்றே சலுகையான வட்டியில் அடமானக் கடன் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் இ தரத்திலிருக்கும் பழைய வீட்டை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவது விற்கப் போகிறவர் செய்யும் வேலையன்று. வாங்கி அங்கேயே வாழப் போகிறவர் செய்ய வேண்டியது.

விற்பவருக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட், கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள வரிசை வீடு போன்றவற்றை வாங்க வருபவர்களில் கணிசமானோர் வாடகைக்கு விடுவதற்காகவே வாங்குகிறார்கள். அவர்களுக்கு எஃப், ஜி என்ற எழுத்துகள் வெறும் தகவலாகத் தெரியாது. வாங்கிய மறுநாளே வாடகைக்கு விட முடியாத வீடு என்று பொருள்படும். அவர்களுக்குக் கடன் தரும் நிறுவனங்களும் இ தரமாவது இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இப்படிப்பட்ட வீட்டை விற்பவர் தம்மையும் வாடகைக்கு விடுபவர் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

வாடகைக்கு விடுபவருக்கு வருவோம். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய குடித்தனங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் குடித்தனங்களுக்கும் இ தரம் குறைந்தபட்சம் என்றாகிவிட்டது. எஃப் அல்லது ஜி தரத்து வீட்டை, விலக்குப் பதிவு செய்யாமல் வாடகைக்கு விட்டால், உள்ளூராட்சி ஒரு வீட்டுக்கு மொத்தம் 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். 2030ஆம் ஆண்டுக்குள் வாடகை வீடுகள் சி தரத்தை எட்ட வேண்டும் என்பது அரசின் அடுத்த இலக்கு. ஆகவே 38க்கும் 39க்கும் இடையே, 68க்கும் 69க்கும் இடையே இருக்கும் அந்த ஒற்றை மதிப்பெண் வாடகைக்கு விடுபவருக்கு மிகப் பெரியது. இங்கேதான் மூன்றாவது வழியும் நான்காவது வழியும் வருகின்றன: வேலையை முடித்துவிட்டுச் சான்றிதழ் எடுப்பது, அல்லது முதலில் வரைவு மதிப்பீடு செய்துகொண்டு, எந்த வேலை எவ்வளவு மதிப்பெண் தரும் என்று தெரிந்துகொண்டு, தேவையானதை மட்டும் செய்து, பிறகு சான்றிதழைப் பதிவேட்டில் ஏற்றுவது.

மூன்றாவது வழி நேரானதாகத் தோன்றும், ஆனால் குருட்டுத்தனமானது. காரணம், இந்தத் தரம் எதை அளக்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முகப்பில் காட்டப்படும் எழுத்து, வீட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் வழக்கமான முறையில் சூடாக்கவும் வெந்நீர் தயாரிக்கவும் விளக்கெரிக்கவும் எவ்வளவு செலவாகும் என்ற கணக்கிலிருந்து வருவது. கரியமில வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்பதற்குத் தனியாக மற்றோர் அளவீடு சான்றிதழிலேயே உண்டு. அது முகப்பு எழுத்தைத் தீர்மானிப்பதில்லை. அங்கே குடியிருக்கும் குடும்பம் உண்மையில் எவ்வளவு பில் கட்டுகிறது என்பதும் கணக்கில் வராது. எரிவாயுவைவிட மின்சாரம் யூனிட்டுக்கு விலை அதிகம் என்பதால், சுவரில் மாட்டிய சாதாரண மின் ஹீட்டர்கள் உள்ள ஃபிளாட், நல்ல சுவரும் நல்ல ஜன்னலும் இருந்தும் கீழே விழுகிறது. எரிவாயு பாயிலரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு (வெளியிலிருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) பொருத்தியவர், சுற்றுச்சூழலுக்குப் பெரிய நன்மை செய்திருந்தும், முகப்பு எழுத்தில் எதிர்பார்த்த உயர்வைக் காணாமல் போகலாம். செலவழித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் பயனில்லை.

மின்சாரத்தால் மட்டும் சூடாக்கும் ஃபிளாட்டை எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்கின் போக்கு நன்றாக விளங்கும். ஒற்றை விலை மீட்டரும் பேனல் ஹீட்டர்களும் உள்ள வீட்டில் உரிமையாளர் முதலில் நினைப்பது புதிய, பளபளப்பான பேனல் ஹீட்டர்களை மாட்டுவதைத்தான். தொடுதிரையும் வைஃபையும் இருந்தாலும் அவை கணக்கீட்டுக்கு நேரடி மின்சாரமே, மதிப்பெண் அசைவது அரிது. இரவு நேரக் குறைந்த விலை மின்சாரத்தில் சூட்டைச் சேமித்து வைத்துப் பகலில் விடும் நவீன சேமிப்பு ஹீட்டர்களும் இருவிலை மீட்டரும் சேர்ந்தால்தான் கணக்கு வேறு வழியில் ஓடும். இரண்டு உபகரணங்களுக்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தைவிட மதிப்பெண்ணில் இருக்கும் வித்தியாசம் முக்கியமானது. எதைச் சொல்ல வருகிறேன் என்றால், கடைக்காரர் "அதிகத் திறன்" என்று சொல்வதும் மென்பொருள் திறன் என்று கணக்கிடுவதும் ஒன்றல்ல.

ஆகவே வாடகைக்கு விடுபவருக்கு நான்காவது வழியே ஏற்றது. மதிப்பீட்டாளரைத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "உடனே பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், முதலில் வரைவைக் காட்டுங்கள், இந்த இந்த வேலைகளைச் செய்தால் மதிப்பெண் எங்கே போகும் என்று மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதலாக எவ்வளவு?" என்று கேட்டுவிட வேண்டும். இதைச் செய்துதரச் சம்மதிப்பவர்கள் பலர் உண்டு. கூடுதல் கட்டணம் பெரும்பாலும் ஒரு தேவையற்ற வேலையின் செலவில் சிறு பகுதிதான். சம்மதிக்காதவரிடம் சண்டையிட வேண்டியதில்லை, வேறொருவரை அழைக்கலாம். ஏற்கெனவே ஒரு பழைய சான்றிதழ் இருந்தால், அதன் பரிந்துரைப் பக்கமே ஓரளவு வரைவாகப் பயன்படும். அந்தப் பக்கத்தை வாசிப்பதில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒவ்வொரு படிக்கும் எதிரே காட்டப்படும் தரம், அதற்கு முந்தைய படிகளையும் செய்து முடித்த பிறகு கிடைப்பது. மூன்றாம் படியை மட்டும் தனியே செய்துவிட்டு அதற்கெதிரே இருக்கும் எழுத்தை எதிர்பார்க்க முடியாது.

எந்த வழியில் போனாலும், காகிதங்களைத் தேடி எடுத்து வைப்பதுதான் செலவே இல்லாமல் மதிப்பெண் தரும் வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர் இதை வைத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை, தரைப் பலகையைப் பெயர்ப்பதில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுவார், ஆவணம் இருந்தால் அதை எழுதுவார். இரண்டும் இல்லாத இடத்தில், அந்த வீடு கட்டிய காலத்தில் என்ன வழக்கமோ அதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 1930களில் கட்டிய வீட்டில் நீங்கள் சொந்தப் பணத்தில் சுவருக்குக் காப்பு ஏற்றியிருந்தாலும், அதைக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் கணக்கில் அது 1930களின் சுவர்தான்.

மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் எந்தக் காகிதம் எங்கே உதவும் என்பது புரியும். வெளியில் நின்று செங்கல் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்ப்பார். செங்கல்லின் நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் நடுவில் இடைவெளியுள்ள இரட்டைச் சுவராக இருக்கலாம். நீளப் பக்கமும் குறுகிய முனையும் மாறி மாறித் தெரிந்தால் இடைவெளியற்ற முழுச் சுவர். ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமனை அளந்து அதை உறுதிசெய்துகொள்வார். இடைவெளிக்குள் காப்புப் பொருள் நிரப்பியிருந்தால், சாந்துக் கோடுகளில் ஒழுங்கான இடைவெளியில் துளையிட்டு மூடிய வட்டத் தடங்கள் தெரியும். அவற்றின் மேல் பெயின்ட் அடித்துவிட்டிருந்தால், சுவர்க் காப்பு வேலைக்கு 25 ஆண்டு உத்தரவாதமாக வழங்கப்படும் சிகா நிறுவனத்தின் தாள் அந்த இடத்தில் பேசும். உள்ளே வந்ததும் லேசர் கருவியால் அறைகளை அளப்பார். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் உலோகப் பட்டையைக் குனிந்து பார்ப்பார். தயாரித்த தேதி பல சமயம் அதிலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் ஜன்னல் பொருத்தியபோது தரப்பட்ட ஃபென்சா சான்றிதழைக் காட்டலாம். பாயிலரின் மாடல் எண்ணைப் படமெடுப்பார். அறைத் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, ரேடியேட்டர்களில் தனித்தனி வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறதா என்று பார்ப்பார். வெந்நீர்த் தொட்டியின் மேலுறை எவ்வளவு தடிமன் என்று அளப்பார். விளக்குகள் எந்த வகை என்று எண்ணுவார்.

பிறகு லாஃப்ட்டுக்கு ஏணி போடுவார். அங்கே அட்டைப் பெட்டிகள் அடைத்திருந்தாலோ, கதவைத் திறக்கவே முடியாவிட்டாலோ, காப்பு எவ்வளவு தடிமன் என்பதைப் பார்க்க முடியாது. உடனே அனுமானம் உள்ளே வந்துவிடும். இன்று பரிந்துரைக்கப்படும் 270 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பளம்போல் காப்பு விரித்து வைத்திருப்பவர், மதிப்பீட்டாளர் வரும் நாளுக்கு முன் அந்தக் கதவடியிலிருக்கும் பெட்டிகளை நகர்த்தி வைக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது வீண் போகாது. லாஃப்ட்டை அறையாக மாற்றியிருந்தால் பிரச்சினை இன்னும் கூர்மையானது: சாய்ந்த கூரையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டட அனுமதியின் நிறைவுச் சான்றிதழ், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள், ஒப்பந்தக்காரரின் விவரமான பில் ஆகியவை இல்லையென்றால் அந்த அறையே மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். பின்பக்க விரிவாக்கத்துக்கும் இதே விதி. அது எந்த ஆண்டு கட்டியது என்பதைக் காட்டும் தாள் ஒன்றே நிலைமையை மாற்றிவிடும்.

இன்னொரு சிறிய விஷயம். வரவேற்பறைச் சுவரில் நிரந்தரமாக மாட்டியிருக்கும், யாருமே பயன்படுத்தாத பழைய மின் தீக்கூண்டு, கணக்கீட்டில் இரண்டாம் நிலை வெப்பமூட்டியாகச் சேர்ந்துவிடும். வீட்டுச் சூட்டில் ஒரு பகுதி அந்த விலையுயர்ந்த மின்சாரத்தில் வருவதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தேவையில்லாததை முறையாக எலக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்றிவிட்டால் அந்தச் சுமை போய்விடும். எழுத்து மாற இப்படிப்பட்ட ஒன்றே போதுமான சந்தர்ப்பங்கள் ஓரத்தில் நிற்கும் வீடுகளில் உண்டு.

யாரைக் கொண்டு எடுப்பது என்ற கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஏஜென்ட் மூலம் போனால் அவர் வழக்கமாக அழைக்கும் மதிப்பீட்டாளர் வருவார், கட்டணத்தில் ஏஜென்டின் பங்கும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், சாவி கொடுக்கும் அலைச்சல் மிச்சம். நேரடியாகப் போனால் அரசின் அதே இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தந்து அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்களின் பட்டியலைப் பார்க்கலாம். கட்டணம் குறையும், முக்கியமாக, அவரிடம் நேரடியாகப் பேசி வரைவு கேட்க முடியும், காகிதங்களை முன்கூட்டியே அனுப்ப முடியும். விற்பவருக்கு ஏஜென்ட் வழி போதும் என்றாலும், வாடகைக்கு விடுபவர் நேரடியாகப் போவதே மேல். இடையில் ஓர் ஆள் நின்றால் மேலே சொன்ன கேள்விகள் போய்ச் சேர்வதில்லை. வீட்டுக்கு வராமலே மிக மலிவாகச் சான்றிதழ் தருகிறேன் என்பவரை மட்டும் எந்த நிலையிலும் அண்டக் கூடாது. நேரில் பார்க்காமல் எடுத்த சான்றிதழ் பின்னால் ரத்தானால் அலைய வேண்டியவர் உரிமையாளர்தான். சான்றிதழின் தரவில் பிழை இருப்பதாகத் தோன்றினால், முதலில் மதிப்பீட்டாளரிடமும், பிறகு அவர் பெயருக்கு அருகே சான்றிதழிலேயே குறிப்பிட்டிருக்கும் அங்கீகார அமைப்பிடமும் முறையிடலாம்.

வாடகைக்கு விடுபவருக்கு ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு: விலக்குப் பதிவு. இ தரத்தை எட்டுவதற்காக உரிமையாளர் தம் பணத்திலிருந்து செலவழிக்க வேண்டிய உச்சவரம்பு, வாட் வரி உட்பட 3,500 பவுண்டு. அந்த அளவுக்குள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் எஃப் அல்லது ஜியிலேயே நின்றால், ஆதாரங்களுடன் விலக்கைப் பதிவு செய்து ஐந்தாண்டுகள் வாடகைக்கு விடலாம். பரிந்துரைத்த வேலை வீட்டின் மதிப்பை 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் என்று சார்பற்ற சர்வேயர் அறிக்கை தந்தாலும், தேவையான மூன்றாம் தரப்பு அனுமதி மறுக்கப்பட்டாலும் விலக்குக் கேட்க முடியும். முழுச் சுவர் வீடுகளுக்கும், ஃப்ரீஹோல்டர் (கட்டடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளர்) ஒப்புதல் தராத ஃபிளாட்டுகளுக்கும் இது உண்மையான துணை. ஆனால் இதைக் குறுக்கு வழியாக எண்ணுவது தவறு. விலக்குக்கு வேண்டிய மதிப்பீடுகளையும் ரசீதுகளையும் திரட்டும் உழைப்பைக் கணக்கிட்டால், ஓரிரு மதிப்பெண் குறைவாக நிற்பவர் லாஃப்ட்டுக்குக் காப்பு விரித்துவிடுவதே எளிது. காப்பு, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள், வெப்பப் பம்பு, சூரியத் தகடு போன்றவற்றை ஒப்பந்தக்காரர் பொருத்தித் தரும்போது 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூஜ்யம் என்பதும் அந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஜன்னலும் எரிவாயு பாயிலரும் அந்தச் சலுகையில் இல்லை.

இப்போது எடுப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வி வாடகைக்கு விடுபவர்களிடையே அடிக்கடி எழுகிறது. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட கலந்தாய்வில், செலவை மட்டும் காட்டும் இன்றைய ஒற்றை எழுத்துக்குப் பதிலாக, கட்டடத்தின் காப்பு, வெப்பமூட்டும் அமைப்பு உள்ளிட்ட பல அளவீடுகளைத் தனித்தனியே காட்டும் யோசனை முன்வைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் வாடகை வீடுகள் பற்றி வந்த கலந்தாய்வில், பழைய முறையில் ஏற்கெனவே சி பெற்ற சான்றிதழ்களை அவை காலாவதியாகும் வரை ஏற்கும் யோசனையும் இருந்தது. இவற்றின் இறுதி வடிவத்தை அரசின் தளத்தில் பார்த்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்றாலும், திசை தெரிகிறது. மின் ஹீட்டர் ஃபிளாட் வைத்திருப்பவருக்குப் புதிய முறை சாதகமாகலாம். எரிவாயு பாயிலரும் சுமாரான சுவரும் இருந்து இன்றைய கணக்கில் 67, 68 என்று நிற்பவருக்கு இன்றைய முறையே சாதகம். முதலாமவர் அவசியமானால் ஒழியக் காத்திருக்கலாம். இரண்டாமவர் தாமதிப்பதில் பொருளில்லை. இரண்டு மதிப்பெண்ணுக்கான வேலையைச் செய்து இப்போதே எடுத்துவிடுவது நல்லது. நடப்புக் குடித்தனத்தின் நடுவில் சான்றிதழ் காலாவதியானால், அதன் காரணமாக மட்டும் உடனே புதிது எடுக்கும் கடமை இப்போதைய விதியில் எழுவதில்லை. அடுத்த குடித்தனத்துக்கோ விற்பனைக்கோ சந்தையில் வைக்கும்போது தேவைப்படும். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் காத்திருப்பவருக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைக்கும்.

வாடகையிலிருக்கும் வீட்டை அப்படியே விற்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. விலக்குப் பதிவு உரிமையாளரின் பெயரில் நிற்பது. வீட்டோடு சேர்ந்து வாங்குபவருக்குப் போவதில்லை. குடியிருப்பவர் உள்ளே இருக்கும் நிலையில் வாங்கும் புதிய உரிமையாளருக்கு, வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத் தற்காலிக விலக்குக் கிடைக்கும். அதற்குள் அவர் தரத்தை உயர்த்த வேண்டும் அல்லது தம் பெயரில் புதிதாக விலக்குக் கேட்க வேண்டும். இதை அறிந்த வாங்குபவர் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசுவார். எனவே அப்படி விற்பவர், பழைய விலக்கின் ரசீதுகளையும் மதிப்பீடுகளையும் மதிப்பீட்டாளரின் வரைவுக் கணக்கையும் ஒரு கோப்பாக வழக்கறிஞரிடம் முதலிலேயே கொடுத்து வைத்தால், பேரம் தொடங்கும்போது அந்தச் செலவு எவ்வளவு என்பது ஊகமாக இல்லாமல் தாளில் இருக்கும்.